அலுமாரிக்குள் பூட்டப்பட்ட நாவல்

கேள்வி: எங்கள் ஊர்ச் சங்கம் வெள்ளவத்தையில் நடத்தும் சிறிய நூலகத்துக்கு நான் கௌரவ நூலகர். ஒரு நாவலில் ஆபாசமும் சாதிப் பெயர்களும் இருப்பதாக அங்கத்தவரான தாயொருவர் முறையிட்டு, இரண்டு பக்கங்களைப் பிரதியெடுத்துச் சிவப்புக் கோடிட்டுக் கொடுத்தார். அந்த இரண்டு பக்கங்களை மட்டும் பார்த்த தலைவர், "சத்தமில்லாமல் எடுத்து அலுமாரிக்குள் வையுங்கோ, கட்டுவதற்குக் கொடுத்ததாகப் பதிவேட்டில் எழுதிவிடுங்கோ" என்றார். நூல் அலுமாரிக்குள் இருக்கிறது. பதிவேட்டில் இன்னும் எழுதவில்லை. நான் பதவி விலகுவதா? 15 வயதான என் மகளும் அந்த நாவலைக் கேட்கிறாள். கொடுக்கலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கொழும்பு 6

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

விலக வேண்டாம். நீங்கள் விலகினால், உங்கள் இடத்துக்கு வருபவர் முதல் நாளே அந்தப் பதிவை எழுதிவிடுவார். நீங்கள் மறுக்க வேண்டியது அந்தப் பதிவைத்தான். நூலை நீக்குவதென்று செயற்குழு வெளிப்படையாகத் தீர்மானித்தால், அதை எதிர்த்து வாதாடலாம். அடுத்த ஆண்டு வரும் குழு அதை மாற்றவும் செய்யலாம். "கட்டுவதற்குக் கொடுக்கப்பட்டது" என்ற பொய்யை எதிர்த்து யாரும் வாதாட முடியாது. தீர்மானம் ஒன்று எடுக்கப்பட்டதற்கான சுவடே அதில் இராது.

செல்லரித்த நூலையும் காலங்கடந்த வரிச்சட்டக் கைநூலையும் கழிப்பது நூலகரின் வேலை. கையிலுள்ள பணத்துக்கு எதை வாங்குவது, எதை விடுவது என்று தெரிவு செய்வதும் அப்படித்தான். ஆனால் வாங்கி, இலக்கமிட்டு, இரவல் கொடுத்துவந்த ஒரு நூலை அதிலுள்ள கருத்துக்காகவோ காட்சிக்காகவோ தட்டிலிருந்து எடுப்பது தணிக்கை. நூலகச் சங்கங்களின் சர்வதேசச் சம்மேளனமும் யுனெஸ்கோவும் 1994இல் வெளியிட்டு 2022இல் புதுப்பித்த பொது நூலக அறிக்கை, நூற்சேர்க்கைகள் கருத்தியல், அரசியல், சமயம் சார்ந்த எந்தத் தணிக்கைக்கும் உட்படலாகாது என்கிறது. அது உங்கள் சங்கத்தைக் கட்டுப்படுத்தாதுதான். அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தரும் கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரத்தைக் காட்டி உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை மனுவோடு போகவும் வழியில்லை. அந்த மனு அரசின் நிருவாகச் செயல்களுக்கு எதிரானது, ஊர்ச் சங்கத்தின் தலைவருக்கு எதிரானது அல்ல. ஆகவே உங்கள் பலம் சங்கத்தின் யாப்பிலும் பொதுக்கூட்டத்திலும்தான் இருக்கிறது.

சிவப்புக் கோடிட்ட இரண்டு பக்கங்களுக்கு வருவோம். மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம் தமது தமிழ்க் கவிதைத் தொகுதியின் காரணமாக 2020 மே மாதத்தில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானதும், 2021 டிசெம்பர் வரை பிணையின்றி இருந்ததும், புத்தளம் மேல் நீதிமன்றம் 2023 டிசெம்பரில் அவரை விடுவித்ததும் நினைவிருக்கும். தீவிரவாதத்தைக் கண்டிக்கும் கவிதைகளும் அதே தொகுதியில் இருந்தன. முழுவதையும் வாசிக்காமல் நூலொன்றின் மீது குற்றம் சுமத்துவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இந்த நாட்டில் வேறு சான்று தேவையில்லை. சாதிப் பெயரை ஒரு பாத்திரம் உச்சரிப்பதும் நாவல் அதை ஆமோதிப்பதும் ஒன்றல்ல. யாழ்ப்பாணத்துச் சாதிக் கொடுமையை எழுதிய கே. டானியலின் நாவல்களை இந்த அளவுகோலால் அளந்தால், உங்கள் தட்டில் அவற்றில் ஒன்றுகூட மிஞ்சாது.

முறையிட்ட தாயை நான் குறை சொல்ல மாட்டேன். தமது பிள்ளைக்கு அந்த நாவல் வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு முழுதாக உண்டு. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும், காலையில் பத்திரிகை பார்க்க வரும் ஓய்வூதியக்காரருக்கும் சேர்த்து அவர் தீர்மானிக்க முடியாது என்பதே விடயம். 16 வயதுக்குக் குறைந்தோர் வளர்ந்தோர் பகுதியிலிருந்து இரவல் பெறப் பெற்றோரின் கையொப்பம் வேண்டும் என்று ஒரு விதி செய்தால், அவர் கேட்டது அவருக்குக் கிடைத்துவிடும். நூலும் தட்டில் இருக்கும்.

தலைவரிடம் தனியே பேசுங்கள். முறைப்பாட்டை எழுத்தில் கேளுங்கள். நாவலை அட்டை முதல் அட்டை வரை வாசித்த மூன்று பேர் அதைப் பரிசீலிக்கட்டும். அவர்கள் முடிவு சொல்லும் வரை நூல் தன் இடத்துக்குத் திரும்பட்டும். முடிவு எதுவானாலும் காரணத்தோடு கூட்டறிக்கையில் ஏறட்டும். (வாசித்தவர் மூவரைச் செயற்குழுவுக்குள்ளேயே தேடிப் பிடிப்பது சிரமமாக இருக்கலாம். அங்கத்தவர்களிடையே தேடுங்கள்.) நீக்குவதென்றே முடிவானால், உங்கள் மறுப்பையும் பதியச் சொல்லுங்கள், பொதுக்கூட்டத்தில் மறுபடியும் எழுப்ப அது வேண்டும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்த சுமார் 97,000 நூல்களை மேடைதோறும் நினைவுகூரும் சமூகம் நாங்கள். அந்தத் தீயையும் உங்கள் அலுமாரியையும் நான் சமப்படுத்தவில்லை. ஓர் அங்கத்தவரை இழக்கக்கூடாது என்ற கவலையில்தான் உங்கள் தலைவர் அப்படிச் சொல்லியிருப்பார். ஆனாலும் அந்த 97,000இல் ஒவ்வொன்றும் எங்களுக்குப் பிடித்த நூலாகவா இருந்திருக்கும்?

மகளின் விடயம் உங்கள் வீட்டு விடயம்; அதில் சங்கத்துக்கு வேலையில்லை. முதலில் நீங்கள் முழுதாக வாசியுங்கள். பொருத்தமென்று பட்டால், நூல் தட்டுக்குத் திரும்பிய பின் அவளுடைய அட்டையிலேயே பதிந்து கொடுங்கள். அலுமாரித் திறப்பு உங்கள் கையில் இருப்பதால் மட்டும் அவளுக்கு முன்கூட்டிக் கொடுக்காதீர்கள்.