ஞாயிற்றுக்கிழமை வரை தள்ளிப்போடாதீர்கள்

சகோதரி, தமிழக எல்லையை ஒட்டிய கேரள ஊரான வண்டிப்பெரியாறில் இருக்கும் உங்கள் அம்மாவுக்கு இன்று காலை வாய் ஒரு பக்கம் கோணியது, காபி கடைவாயில் வழிந்தது, பேச்சு குழறியது, அரை மணி நேரத்தில் எல்லாம் சரியாகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை டாக்டரிடம் காட்டினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. இப்போதே கிளம்புங்கள்.

தானாகச் சரியானதுதான் ஆளை ஏமாற்றும். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு வந்து விலகியிருக்கலாம். முழுப் பக்கவாதம் வரும் ஆபத்து அடுத்த இரண்டு நாட்களில்தான் மிக அதிகம். வாயு, பித்தம் என்று அக்கம்பக்கத்தார் சொல்வதைத் தயவுசெய்து கேட்காதீர்கள்.

மறுபடி சந்தேகம் வந்தால் சிரிக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடி இரு கைகளையும் நீட்டச் சொல்லுங்கள். ஒன்று மெல்லத் தாழ்கிறதா என்று பாருங்கள். பேச்சையும் கவனியுங்கள். ஒன்று பிசகினாலும் 108தான். கேரளத்திலும் தமிழகத்திலும் அதே எண். எல்லையோரம் என்பதால் மாநிலத்தையும் ஊரையும் முதலில் சொல்லிவிடுங்கள்.

கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்து வையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக அதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதுவும் சி.டி. ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை என்று தெரிந்த பிறகு. அதனால் வீட்டில் நீங்களாக ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம். பேச்சு குழறும்போது தண்ணீர்கூடப் புகட்டாதீர்கள், புரையேறும்.

கம்பம், தேனி பக்கம் இறங்குவதா, கோட்டயம் போவதா என்று உறவினர்கள் வாதிடுவார்கள். இரவிலும் ஸ்கேனும் இந்த ஊசியும் கிடைக்கும் இடம் எது என்று போனில் கேட்டு, சீக்கிரம் போய்ச் சேரக்கூடிய இடத்துக்கே போங்கள். அம்மாவின் பிரஷர், சர்க்கரை மாத்திரை அட்டைகளை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.