சேற்றில் பிளாஸ்திரி நிற்காததற்குக் காரணம்

மன்னார்குடிப் பக்கம் நடவுக்கு இறங்கும் அப்பாவுக்குக் கணுக்காலில் வெட்டு, பிளாஸ்திரி அரை நாளில் கழன்றுவிடுகிறது, எந்தப் பசை நல்லது என்று கேட்டிருந்தீர்கள். பசையை மட்டும் குறை சொல்லாதீர்கள். துணிப் பிளாஸ்திரியின் முதுகு தண்ணீரைக் குடித்து, ஓரம் வழியாகப் பசைக்கு அடியில் இறக்கிவிடும். மருந்துக்கடையில் பாலியூரித்தேன் படல டிரஸ்ஸிங் (மெல்லிய பிளாஸ்டிக் தாள் போன்ற பிளாஸ்திரி) கேளுங்கள். வியர்வை ஆவியாக வெளியேறும், தண்ணீர் உள்ளே வராது. முனை வட்டமாக இருக்கிறதா என்றும் பாருங்கள். சதுர முனைதான் முதலில் உரசிக் கிளம்பும். துணிப் பிளாஸ்திரியையே வெட்டி ஒட்டுவதானால் முனையை வளைத்து வெட்டுங்கள்.

ஒட்டுகிற விதமும் இருக்கிறது. தேங்காயெண்ணெய் தடவிய காலில் எதுவும் நிற்காது (எங்கள் வீட்டிலும் இதே கதைதான்). சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒட்டியபின் அரை நிமிடம் உள்ளங்கையால் அழுத்துங்கள். இவற்றில் பெரும்பாலும் இருக்கும் அக்ரிலிக் பசை அழுத்தினால்தான் நன்றாகப் பிடிக்கும். தோலின் நுண்ணிய பள்ளங்களில் பரவ அதற்கு நேரம் வேண்டும். வரப்பில் நின்று ஒட்டிக்கொண்டு உடனே வயலில் இறங்கினால் வீண்.

அப்புறம், வெட்டு ஆறும்வரை சேற்றில் இறங்க வேண்டாம் என்பேன். எலிக்காய்ச்சல் அந்த வழியாகவும் வரும். டி.டி. ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டாரா என்று கேளுங்கள். சர்க்கரை இருந்தால் இன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.