லேஸ் கட்ட அம்மா எதற்கு?

கேள்வி: எனக்கு 43 வயது. ஆடிட்டர் ஆபீஸில் வேலை, நாள் முழுக்க நாற்காலிதான். இரண்டு வருடமாகத் தொடையின் பின்பக்கம் கயிறு கட்டி இழுப்பதுபோல் இருக்கிறது. காலையில் எழுந்ததும் குனிந்து கால்விரலைத் தொட முயல்கிறேன். கை முழங்காலைத் தாண்டுவதில்லை. ஷூ லேஸ்கூட அம்மாதான் கட்டிவிடுகிறார், அவருக்கு 71 வயது. மசாஜ் செய்தும் பயனில்லை. இது வயதுக் கோளாறா?
– ஈரோடு வாசகர்

பதில்: 43 ஒரு வயதே இல்லை, தம்பி. அதை விடுங்கள். லேஸ் கட்டுவது அம்மா என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் பேசுவோம். 71 வயதுப் பெண்மணி தினமும் தரையில் உட்கார்ந்து உங்களுக்கு லேஸ் கட்டிவிட்டு, எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிறார். அவர் முழங்கால் எப்படி இருக்கிறது என்று ஒரு வரி உண்டா உங்கள் கடிதத்தில்?

‘அவங்களாத்தான் வந்து செய்றாங்க’ என்பீர்கள். தாய் அப்படித்தான் வருவாள். தடுக்க வேண்டியது பிள்ளை.

லேஸ் கட்டப் பின்தொடை நீளவே வேண்டாம் என்பது தெரியுமா? அங்கே இருப்பவை மூன்று தசைகள். உட்காரும்போது நாற்காலியில் அழுந்துகிற எலும்பில் தொடங்கி, முழங்காலைத் தாண்டிக் கீழே போய்ச் சேர்கின்றன. அதனால் முழங்காலை நீட்டிக் குனிந்தால்தான் இழுக்கும், மடக்கினால் தளர்ந்துவிடும். ஒரு முக்காலியில் காலைத் தூக்கி வைத்துக் கட்டிப் பாருங்கள். இரண்டு வருடமாக உங்களைத் தடுத்தது தசை இல்லை, பழக்கம்.

சரி, இழுப்புக்கு வருவோம். எழுந்ததும் குனிவதை நிறுத்துங்கள். இரவு படுத்திருக்கும்போது முதுகுத்தண்டின் எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க்குகள் நீர் ஏறி உப்பியிருக்கும். அப்போது முதுகை வளைத்தால் பாரமெல்லாம் அங்கேதான் விழும். மாலையில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்து மல்லாந்து படுங்கள். பாதத்தில் ஒரு துண்டை மாட்டி, காலை மெதுவாக உயர்த்தி, இழுப்பு தெரிகிற இடத்தில் 30 வினாடி நிறுத்துங்கள். வலிக்கும்வரை போகாதீர்கள், குலுக்கவும் வேண்டாம். ஒவ்வொரு காலுக்கும் இரண்டு மூன்று முறை போதும். சில வாரங்களில் கால் இன்னும் உயரும். தசை நீண்டுவிட்டது என்பதைவிட, அந்த இழுப்பைப் பொறுத்துக்கொள்ள நரம்பு மண்டலம் பழகியது என்பதே பெரும்பாலும் காரணம். விட்டுவிட்டால் பழையபடி திரும்பிவிடும்.

நீட்டினால் மட்டும் போதாது, பலமும் வேண்டும். பலம் குறைந்த தசையும் இறுக்கமாகத் தோன்றலாம். முதுகை நேராக வைத்து, முழங்காலைச் சற்றே மடக்கி, பிட்டத்தைப் பின்னுக்குத் தள்ளிக் குனிந்து பழகுங்கள். பழகியதும் வீட்டில் தண்ணீர்க் குடத்தை அப்படியே தூக்குங்கள். இப்போது அதை யார் தூக்குகிறார் என்று நான் கேட்கவில்லை, எனக்குத் தெரியும். ஆபீஸிலும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள்.

இழுப்பு தொடையோடு நிற்காமல் பாதம்வரை சுரீரென்று ஓடினாலோ, கால் மரத்தாலோ அது நரம்பு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். தொடையிடுக்கு மரத்தாலோ, சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ அன்றே ஆஸ்பத்திரி. அப்படி எதுவும் இல்லையென்றால் ஒரு பிசியோதெரபிஸ்ட் போதும். போகும்போது அம்மாவையும் கூட்டிப் போங்கள். முதலில் அவர் முழங்காலைக் காட்டுங்கள்.