பழைய காருக்குக் கதவு ரப்பர்: வாங்குவதற்கு முன் எதை அளக்க வேண்டும்?

அக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலை மழை வலுக்கத் தொடங்கியதும், இருபது வயதைத் தாண்டிய கார்களை வைத்திருப்பவர்களிடமிருந்து கதவு ரப்பரைப் பற்றிய கேள்விகளும் வரத் தொடங்கிவிடுகின்றன. கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்தவற்றில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (செந்தூல்): வணக்கம் ஐயா. என்னுடையது 1996ஆம் ஆண்டுப் புரோட்டோன் வீரா. நான்கு கதவு ரப்பர்களும் தட்டையாகிவிட்டன. கடையில் 'வீரா ரப்பர்' என்று கேட்டால் மூன்று விதமாக எடுத்துக் காட்டுகிறார்கள். எதை வாங்குவது?

பதில்: காரின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும். பழைய ரப்பரைக் கழற்றி, கீழ்ப் படிக்கு அருகில் உள்ள இணைப்பிலிருந்து ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். அதன் வெட்டுமுகத்தைப் பார்த்தால், உலோகத் தகட்டின் விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் கெட்டியான பகுதி ஒன்றும், கதவு மூடும்போது நசுங்கிக் கொடுக்கும் மென்மையான குழல் ஒன்றும் இருப்பது தெரியும். குழல் கவ்வியின் உச்சியில் நிற்கிறதா, பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இது மாறிவிட்டால் மற்ற அளவுகள் எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

அடுத்தது கவ்வியின் அகலம். கதவு வாசலைச் சுற்றியுள்ள விளிம்பு எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருப்பதில்லை. மேலே இரண்டு தகடுகள் சேர்ந்திருக்கும் விளிம்பு, தூணும் கீழ்ப் படியும் சேரும் மூலையில் மூன்று தகடுகளாகிவிடும். பழைய பட்டறை வேலையில் அங்கே பற்றவைப்பு ஏறியிருந்தால் இன்னும் தடித்திருக்கும். ஆகவே மெல்லிய இடம், தடித்த இடம் இரண்டையும் வெர்னியர் அளவுகோலால் அளந்து, அந்த இரண்டு அளவுகளையும் பிடிக்கக்கூடிய கவ்வியாகக் கேளுங்கள்.

குழலின் உயரத்தைத்தான் பலரும் தவறாக எடுக்கிறார்கள். பல ஆண்டுகள் நசுங்கிக் கிடந்த பழைய ரப்பரை அளந்தால், அது இழந்தது போக எஞ்சிய உயரத்தைத்தான் அளக்கிறோம். அதற்குப் பதிலாக, குழந்தைகள் விளையாடும் களிமண்ணை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ரப்பர் உட்காரும் விளிம்பின் மீது ஐந்தாறு இடங்களில் வைத்துக் கதவை மெதுவாகச் சாத்தித் திறங்கள். நசுங்கி எஞ்சிய களிமண்ணின் தடிமன்தான் அந்த இடத்தில் உள்ள இடைவெளி. குழல் தன் உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நசுங்கினால் தண்ணீரையும் தடுக்கும், கதவையும் எதிர்க்காது. எனவே இடைவெளி 8 மில்லிமீட்டர் என்றால் 12 மில்லிமீட்டர் உயரமுள்ள குழல் பொருந்தும். மேல் மூலையில் 8, பூட்டுக்கு அருகில் 5 என்று அளவுகள் வெகுவாக மாறினால் ரப்பர் வாங்குவதை நிறுத்திவிட்டு, கதவு தொங்கியிருக்கிறதா என்று கீல்களைப் பாருங்கள்.

கேள்வி (பட்டர்வொர்த்): ஐயா, ஹார்ட்வேர் கடையில் ஒட்டும் நுரைப் பட்டை சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கிறது. காருக்குப் போட்டால் என்ன?

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. அங்கே விற்கும் பட்டைகளில் பெரும்பாலானவை வீட்டுக் கதவு, சன்னல்களுக்கானவை. அவற்றின் நுரையில் உள்ள துளைகள் ஒன்றோடொன்று திறந்திருப்பதால் அது தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஈர நுரை ஒட்டியிருக்கும் இடத்தில் தகடு துருப்பிடிக்க அதிக நாளாகாது. காருக்கான நுரை ரப்பரில் ஒவ்வொரு துளையும் தனித்தனியே மூடியிருக்கும். சந்தேகமிருந்தால் ஒரு துண்டைத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்து, விட்டு, வெளியே எடுத்துப் பிழிந்து பாருங்கள். வெட்டிய பக்கத்தைத் தவிர வேறெங்கிருந்தாவது நீர் சொட்டினால் அதைக் காருக்கு வாங்க வேண்டாம்.

கேள்வி (சுங்கை பூலோ): என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இயற்கை ரப்பருக்கு நிகரில்லை என்று கேட்டே வளர்ந்தேன். கடைக்காரரோ செயற்கை ரப்பர்தான் நல்லது என்கிறார். விலையைக் கூட்டுவதற்காகச் சொல்கிறாரா?

பதில்: இந்த ஒரு விஷயத்தில் கடைக்காரர் சொல்வது சரிதான். இழுவிசையிலும் கிழியாத தன்மையிலும் பால்மர ரப்பர் உயர்ந்தது என்பதில் மாற்றுக் கருத்தில்லை. லாரி, விமான டயர்களில் இன்றும் அதைத்தான் மிகுதியாகச் சேர்க்கிறார்கள். ஆனால் அதன் மூலக்கூறுச் சங்கிலியின் முதுகெலும்பிலேயே இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. காற்றில் கலந்திருக்கும் ஓசோன் அந்தப் பிணைப்புகளைத் தாக்கி அறுப்பதால், வளைந்து இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரின் மேல் குறுக்கு வெடிப்புகள் தோன்றுகின்றன. கதவு ரப்பர் மூலைக்கு மூலை வளைந்தே நிற்பது, அதுவும் வெயிலில். எத்திலீனும் புரொப்பிலீனும் சேர்த்துச் செய்யப்படும் ஈ.பி.டி.எம். ரப்பரின் முதுகெலும்பில் அத்தகைய பிணைப்புகள் இல்லை. வெயிலும் ஓசோனும் அதை எளிதில் அசைப்பதில்லை. பாட்டியின் சொல் டயருக்குப் பொருந்தும். கதவுக்கு ஈ.பி.டி.எம். என்று கேட்டே வாங்குங்கள்.

அந்த ரப்பருக்கும் ஒரு பகை உண்டு. கனிம எண்ணெய் பட்டால் அது ஊதி மென்மையாகிவிடும். சாதாரண கிரீஸ், பெட்ரோலியம் ஜெல்லி, துரு நீக்கும் எண்ணெய்த் தெளிப்பு ஆகியவற்றைப் பளபளப்புக்காகத் தடவுவது ரப்பரைக் கெடுக்கும் வேலை. சிலிக்கோன் கிரீஸை மெல்லிய படலமாகத் துணியில் தொட்டுப் பூசினால் போதும். காருக்குப் பெயின்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் அது முடியும் வரை சிலிக்கோனைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம். அது பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாமல் குழிகுழியாக விலகும்.

கேள்வி (ஜெலுத்தோங்): அண்ணா, 1994ஆம் ஆண்டு ஹோண்டா சிவிக் வைத்திருக்கிறேன். ஹாஃப் கட் கடையில் (பாதியாக வெட்டி இறக்குமதி செய்த கார்களின் உதிரிபாகம் விற்கும் கடை) ஜப்பானிலிருந்து வந்த பழைய ரப்பர் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: வாங்கலாம் தம்பி, ஆனால் எல்லாவற்றையும் அல்ல. கதவின் மூலைக்கென்றே அச்சில் வார்த்த ரப்பரும், கண்ணாடி ஏறி இறங்கும் பள்ளத்தில் பொருந்தும் ரப்பரும் மீட்டர் கணக்கில் விற்கும் பொதுவகையில் கிடைக்காது. அவற்றைப் பழையதாகவேனும் வாங்குவதில் தவறில்லை. ஜப்பானும் நம்மைப் போலவே வலப்பக்க ஓட்டுநர் நாடு என்பதால் இடம் வலம் மாறும் தொல்லையும் இல்லை. நீண்ட குழல் ரப்பரைப் பற்றி மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். கட்டைவிரலால் குழலை முழுவதும் அழுத்திப் பத்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள். உடனே எழும்பினால் உயிர் இருக்கிறது. பள்ளம் அப்படியே நின்றால், தவுக்கே (கடை முதலாளி) எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். கவ்விப் பகுதியை இலேசாக விரித்து, உள்ளே இருக்கும் இரும்புப் பட்டை துருவேறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி (கெப்போங்): கஞ்சில் காருக்குப் புது ரப்பர் போட்டேன். இப்போது கதவை ஓங்கி அடித்தால்தான் மூடுகிறது. பட்டறையில் பூட்டுக் கொக்கியை வெளியே தள்ளி வைக்கலாம் என்கிறார்கள்.

பதில்: அவசரப்பட வேண்டாம் ஐயா. புது ரப்பர் சில நாள்களுக்கு விறைப்பாகவே இருக்கும். கதவுகளைச் சாத்திய நிலையில் காரை வெயிலில் நிறுத்தி வைத்தால் படிந்துவிடும். இரண்டு வாரம் கழிந்தும் அப்படியே இருந்தால் குழல் பெரியது என்று பொருள். கஞ்சிலின் கதவு எடை குறைந்தது என்பதால், கனமான கதவுக்கென வந்த ரப்பரை அதன் வேகத்தால் நசுக்க முடியாது. கொக்கியை இப்போது தள்ளி வைத்தால், பின்னர் ரப்பர் படிந்ததும் கதவு தளர்ந்து தடதடக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். நல்ல குழல் ரப்பரில் சீரான இடைவெளியில் ஊசித் துளைகள் இருக்கும். கதவு மூடும்போது உள்ளிருக்கும் காற்று அவற்றின் வழியே வெளியேற வேண்டும். துளையில்லாத ரப்பர் காற்றடைத்த பந்தைப் போல் கதவைத் திருப்பித் தள்ளும். துளை இல்லையென்றால், மழைநீர் படாத உட்பக்கத்தில் நீங்களே குத்திக்கொள்ளலாம்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): ரப்பர் நான்கையும் மாற்றியும் இடப்பக்கக் கால்விரிப்பு நனைகிறது, ஐயா.

பதில்: மழை பெய்யாத நாளிலும் நனைகிறதா? ஆம் என்றால் அது ஏர்கான் நீர். வடிகுழாய் அடைத்திருக்கும், அதைச் சுத்தம் செய்தால் போதும். மழையில் மட்டும் நனைந்தால் கதவின் உட்பலகையைக் கழற்றிப் பாருங்கள். கண்ணாடியை ஒட்டி இறங்கும் நீர் கதவுக்குள் போவது இயல்பு. அது கீழ் விளிம்பில் உள்ள வடிதுளைகள் வழியே வெளியேற வேண்டும், உள்ளறைக்கு வராமல் தடுக்க ஒரு பிளாஸ்டிக் தாளும் இருக்க வேண்டும். ஸ்பீக்கர் மாற்றியவர்கள் அந்தத் தாளைக் கிழித்துவிட்டுத் திரும்ப ஒட்டாமல் போவது மிகச் சாதாரணம். இரண்டும் சரியாக இருந்தால், ஒருவர் டார்ச்சுடன் உள்ளே உட்கார, மற்றொருவர் குழாய்நீரைக் கீழிருந்து மேலாக, இடத்துக்கு இடம் நிதானித்துக் காட்டுங்கள். மேலிருந்து தொடங்கினால் எல்லாம் நனைந்து, ஓட்டை எதுவென்று தெரியாமல் போய்விடும்.

கேள்வி (செராஸ்): இணைப்பை எங்கே வைப்பது? எந்தப் பசை?

பதில்: இணைப்பு கீழ்ப் படியின் நடுவில் வர வேண்டும். மேலே ஒருபோதும் வைக்காதீர்கள். ரப்பரை இழுத்துப் பொருத்தக் கூடாது, இழுத்தது சுருங்கி வாய் பிளக்கும். சில மில்லிமீட்டர் கூடுதலாக வெட்டி, முனைகளை நெருக்கி ஒட்டுங்கள். கவ்வும் வகைக்குப் பசையே தேவையில்லை. கதவில் ஒட்டும் வகைக்குக் கார் ரப்பருக்கென்றே வரும் பசையை வாங்குங்கள். பழைய பசையைத் தின்னரால் துடைத்தால் பெயின்டும் சேர்ந்து வரும்.

கேள்வி (குளுகோர்): பினாங்குப் பாலத்தில் போகும்போது வோல்வோ 240இன் ஓட்டுநர் கதவு விசில் அடிக்கிறது. ரப்பர் புதிதாகத்தான் தெரிகிறது.

பதில்: பாலத்தில் பக்கக் காற்று இருப்பதால் சிறிய இடைவெளியும் அங்கே குரல் கொடுக்கும். பெயின்ட் வேலைக்குப் பயன்படுத்தும் காகித டேப்பைக் கதவின் மேல் இடுக்கு முழுவதும் வெளியிலிருந்து ஒட்டி, வேறு கதவு வழியாக ஏறி, ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஒலி நின்றுவிட்டால் ஓட்டத்துக்கு ஓட்டம் ஒரு சாண் டேப்பை உரித்துக்கொண்டே வாருங்கள், எந்த இடத்தில் ஒலி திரும்புகிறதோ அங்கே மட்டும் வேலை செய்யலாம். டேப் ஒட்டியும் ஒலி நிற்கவில்லை என்றால் பின்னால் வருவதைப் பார்க்கும் பக்கக் கண்ணாடியின் அடிப்பகுதியையோ முன்கண்ணாடி ஓரத்தையோ பார்க்க வேண்டும். அப்போது கதவு ரப்பருக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை.