படிகாரம் போட்டும் பாத்தேக் சாயம் போகவில்லையா?

வணக்கம் அண்ணே. பினாங்கு பாலிக் பூலாவில் உள்ள உங்கள் பாத்தேக் (மெழுகு வைத்துச் சாயம் போடும் துணி) பட்டறையின் கழிவுநீர்த் தொட்டியில் படிகாரத்தை அள்ளிப் போட்டும் நீலச் சாயம் அப்படியே நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். இன்னும் கூட்டிப் போட வேண்டாம். கோளாறு படிகாரத்தின் அளவில் இல்லை, பிஎச்-இல் (நீர் எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்று காட்டும் எண்).

ரியாக்டிவ் சாயம் (துணி நாரோடு வினைபுரிந்து ஒட்டும் வகை) பிடிக்க நாம் பூசும் சோடியம் சிலிகேட் கடும் காரம். அலசிய தண்ணீர் பிஎச் 11 வரைகூடப் போகும். அந்தக் காரத்தில் படிகாரத்தின் அலுமினியம் திரண்டு சாயத்தை இழுத்துக்கொண்டு படியாமல் கரைந்தே கிடக்கும். நீர்த்த கந்தக அமிலத்தைக் கொஞ்சங்கொஞ்சமாக விட்டு 6–7க்கு இறக்குங்கள்; கையுறை, கண்ணாடி கட்டாயம். முதல் அலசல் நீரைத் தனியாகப் பிடியுங்கள். அதில் சிலிகேட் அதிகம், அமிலம் பட்டால் ஜெல்லிபோல் உறைந்து பம்பை அடைக்கும். மெழுகு நீக்கிய வெந்நீரை ஆறவிட்டு, மேலே கட்டும் மெழுகை வழித்தெடுங்கள்.

இவ்வளவு செய்தாலும் படிகாரம் முழு நிறத்தையும் இழுக்காது, இந்தச் சாயம் அவ்வளவு நன்றாகக் கரையும் ரகம். மிச்சத்துக்கு ஆக்டிவேட்டட் கார்பன்தான் (நிறத்தை உறிஞ்சும் கரி). தெளியாத நீரை அதில் விட்டால் சீக்கிரம் அடைத்துக்கொண்டு காசு கரியாகும் (நிஜமாகவே!).

யாராவது ப்ளீச் ஊற்றச் சொன்னால் கேட்காதீர்கள். நிறம் மறையும், ஆனால் குளோரின் ஏறிய சேர்மங்கள் லோங்காங்கில் (வடிகாலில்) போகும். ப்ளீச் அமில நீரில் விழுந்தால் நச்சு வாயு கிளம்பும்.

மலேசியாவின் 2009 தொழிற்சாலைக் கழிவுநீர் விதிகளில் நிற வரம்பு, ஆற்றில் குடிநீர் எடுக்கும் இடத்துக்கு மேற்பகுதியில் விட்டால் 100 ஏடிஎம்ஐ (நிறத்தை அளக்கும் அலகு), மற்ற இடங்களில் 200. முதலில் ஒரு லிட்டர் ஜாடியில் செய்து பார்த்து, பிஎச் எண்ணோடு இங்கே எழுதுங்கள்.