கான்ஸ்டபிளின் ‘வைக்கோல் வண்டி’: கரையில் குதிரை உண்டா, இல்லையா?

‘வைக்கோல் வண்டி’ ஓவியம் இரண்டு புத்தகங்களில் இரண்டு விதமாக இருக்கிறதே, எது அசல் என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு படங்களுமே ஆங்கிலேய இயற்கைக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் தீட்டியவைதான். எதுவும் போலி இல்லை. ஒரு புத்தகத்தில் முன்கரையில் குதிரை நிற்கிறது, மற்றதில் காணோம் என்கிறீர்கள். குதிரை உள்ள படம், அவர் முன்னோட்டமாகத் தீட்டிய முழு அளவு எண்ணெய் வண்ண வரைவாக இருக்க வேண்டும். அது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1821இல் காட்சிக்கு வந்த முடிந்த ஓவியம் அதே ஊர் நேஷனல் கேலரியில். இதில் குதிரையை எடுத்துவிட்டுப் பீப்பாய் வைத்துப் பார்த்தார். பிறகு அதையும் பூசி மறைத்துவிட்டார்.

எது வரைவு, எது முடிந்த ஓவியம் என்று அறிய நாயையும் மரங்களையும் உற்றுப் பாருங்கள். வரைவில் அடிப்பூச்சின் பழுப்பு ஆங்காங்கே எட்டிப்பார்க்கும், தூரிகை அவசரமாக ஓடியிருக்கும். எனக்கு அந்த அவசரம்தான் பிடிக்கும்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். மலிவான அச்சில் எல்லாமே பழுப்பாகிவிடும். ஓவியத்தில் இடப்பக்கம் இருக்க வேண்டிய வீடு, அதாவது வில்லி லாட் என்ற விவசாயியின் வீடு, வலப்பக்கம் தெரிந்தால், படத்தையே இடவலமாகத் திருப்பி அச்சிட்டிருக்கிறார்கள்.