செங்கலடித் தம்பியின் லொறிக் கணக்கு

கேள்வி: எனக்கு 38 வயது. மட்டக்களப்புப் பக்கம், செங்கலடியில் இருக்கிறேன். பதினாலரை அடி எல்ஃப் லொறி ஒன்றை லீசிங்கில் எடுத்து நானே ஓடுகிறேன். மாதத் தவணை 97,500 ரூபாய். 48 தவணையில் 26 கட்டிவிட்டேன். மாதம் ஏழு தரம் கொழும்புக்கு அரிசி ஏற்றுகிறேன். நாலு ஹயர், அதாவது வாடகை ஓட்டம், மில்காரருடையது, ஒன்றுக்கு 55,000. அந்த நாலிலும் திரும்பி வரும்போது 24,000 அளவில் ஒரு லோட் கிடைக்கும். மற்ற மூன்றும் அத்தானுடையது. அவர் அக்காவின் கணவர், நெல் வாங்கி அரிசியாக்கி விற்பவர். அவரிடம் 38,000தான் எடுப்பேன், அதுவும் கடனுக்கு. அடுத்த லோட் அவசரம் என்று அவர் கூப்பிடுவதால் வெறும் லொறியோடு திரும்பிவிடுவேன். இன்றைக்கு அவர் தரவேண்டியது 4 லட்சத்து 80 ஆயிரம். டயருக்கும் தவணைக்கும் காசு இல்லாமல் மனைவியின் நகையைத் தனியார் கடையொன்றில் 4 லட்சத்துக்கு அடகு வைத்திருக்கிறேன், மாதம் நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி. மனைவி தையலில் 20,000 உழைக்கிறா. வீட்டுச் செலவு 75,000. லீசிங் கம்பனியில் இருந்து போன் எடுத்து, மறுபடியும் 48 மாதத்துக்கு எழுதினால் கையில் 6 லட்சம் தருவோம், தவணையும் 72,500 ஆகக் குறையும் என்கிறார்கள். சொந்த லொறியை நம்பி ஒரு குடும்பம் சீவிக்கலாமா? லீசிங்கை நீட்டட்டுமா, அல்லது லொறியை விற்றுப்போட்டுக் கட்டாருக்கு டிரைவராகப் போகட்டுமா? அக்காவின் வீட்டை நானும் தம்பியும் சேர்ந்துதான் கட்டிக் கொடுத்தோம். அத்தானிடம் காசு கேட்க எனக்கு வாய் வருவதில்லை.

பதில்: தம்பி, கடிதத்தின் கடைசி இரண்டு வரியில்தான் விஷயமே இருக்கிறது. லீசிங், கட்டார் எல்லாம் அதற்குப் பிறகு.

டீசலை மிச்சம் பிடிப்பது எப்படி, ஒயில் எப்போது மாற்றுவது என்றெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வாழைச்சேனை, மன்னம்பிட்டி, ஹபரணை என்று இரவிரவாக ஓடுகிறவருக்கு அது தெரியும். நீங்கள் ஒருநாளும் போட்டுப் பார்க்காத ஒரு கணக்கை மட்டும் போட்டுக் காட்டுகிறேன்.

செங்கலடியில் இருந்து கொழும்பு போய்வர ஏறத்தாழ 600 கிலோமீற்றர். உங்கள் லொறி லீற்றருக்கு 6 கிலோமீற்றர் ஓடும் என்று வைப்போம். 100 லீற்றர் டீசல். கணக்குச் சுலபத்துக்கு லீற்றரை 300 ரூபாயாக எடுத்தால் 30,000. கிளீனரின் சம்பளம், சாப்பாடு, மூட்டை ஏற்றி இறக்கும் நாட்டாமைக் கூலி, தரகு எல்லாமாக இன்னும் 12,000. ஆகவே லொறியை ஒருதரம் கொழும்புக்குக் கொண்டுபோய்க் கொண்டுவர உங்கள் கையை விட்டுப் போவது 42,000. அத்தானிடம் எடுப்பது 38,000.

அதாவது அவர் இறக்கின இடத்திலேயே முழுக் காசையும் எண்ணித் தந்தாலும் உங்களுக்கு 4,000 நட்டம். வரும்போது லோட்டும் இல்லை.

அத்தோடு முடியவில்லை. லொறிக்கும் வயிறு இருக்கிறது. ஆறு டயர் 3 லட்சம், 50,000 கிலோமீற்றர் ஓடும் என்றால் கிலோமீற்றருக்கு 6 ரூபாய். ஒயில் மாற்றுவதற்கு மூன்றரை ரூபாய்க்குக் கிட்ட. வருஷக் காப்புறுதியையும் உங்கள் ஓட்டத்துக்குப் பிரித்தால் இரண்டரை ரூபாய் அளவில். பிரேக், கிளச், வில்லுத்தகடு என்று கராஜுக்குக் கொடுப்பது 3 ரூபாய். கூட்டிப் பார்த்தால் கிலோமீற்றருக்கு 15 ரூபாய். ஒரு கொழும்புப் பயணத்துக்கு 9,000. இது இன்றைக்குக் கேட்காது, ஆறு மாதம் கழித்து ஒரே நாளில் கேட்கும். அந்த நாளில்தான் நீங்கள் நகையை எடுத்துக்கொண்டு அடகுக்கடைக்குப் போயிருக்கிறீர்கள்.

ஆக, அத்தானுக்கு ஓடும் ஒவ்வொரு ஹயரிலும் 13,000 நட்டம். மாதம் மூன்று. 39,000. இரண்டு இரவு நித்திரை முழித்து, யானை குறுக்கே வரும் வெலிகந்தை வீதியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி, அதற்கு மேல் 13,000 ரூபாயும் கொடுத்துவிட்டு வருகிறீர்கள்.

இனி முழு மாதத்தையும் பார்ப்போம். மில்காரரின் நாலு ஹயரும் திரும்பும் லோட்டும் சேர்த்து 3 லட்சத்து 16 ஆயிரம். அத்தானுடையது கடதாசியில் 1 லட்சத்து 14 ஆயிரம். மொத்தம் 4,30,000. ஏழு பயணச் செலவு 2,94,000 போனால் மிச்சம் 1,36,000. தவணை போனால் 38,500. டயர், ஒயில் என்று லொறியின் பங்கு, பயணத்துக்கு 9,000 படி, 63,000. அங்கேயே 24,500 பள்ளம் விழுந்துவிட்டது. அடகு வட்டி 8,000, வீட்டுச் செலவு எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. அத்தான் கடன் வைத்ததை நான் இன்னும் கழிக்கவே இல்லை.

இப்போது அந்த மூன்று ஹயரையும் எடுத்துவிடுங்கள். அந்த நாட்களில் லொறியை முற்றத்தில் நிறுத்திவிட்டு வீட்டில் படுத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். வரவு 3,16,000. நாலு பயணச் செலவு 1,68,000. தவணை 97,500. லொறியின் பங்கு 36,000. மிச்சம் 14,500. பள்ளம் மேடாகிவிட்டது, ஒரு ரூபாய் புதிதாக உழைக்காமலே.

விடுபட்ட மூன்றில் இரண்டையாவது முழு வாடகைக்கு, திரும்பும் லோட்டோடு பிடித்தால் ஒன்றுக்கு 28,000 நிற்கும். அப்போது மாதம் 70,500. அடகு வட்டி போக 62,500. மனைவியின் 20,000 சேர்ந்தால் 82,500. வீட்டுச் செலவு 75,000. இறுக்கம்தான், ஆனால் மூச்சு விடலாம். ஏழு பயணத்துக்குப் பதிலாக ஆறு பயணம் ஓடி.

அந்த இரண்டு ஹயரையும் எங்கே தேடுவது என்று கேட்பீர்கள். பெரும்போக நெல் வெட்டு வரும் மாசி, பங்குனியிலும் சிறுபோகம் வெட்டும் ஆவணி, புரட்டாதியிலும் செங்கலடியில் இருந்து சம்மாந்துறை, அக்கரைப்பற்று வரைக்கும் மில்காரர்கள் லொறி தேடுவார்கள். அந்த நாட்களில் அத்தானின் மூட்டையோடு நீங்கள் மலிவு வாடகைக்குக் கொழும்புப் புறக்கோட்டையில் நிற்கிறீர்கள். அது ஒரு பக்கம். மறுபக்கம், திரும்பும் வழியில் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் இருக்கிறது. இரவில் மரக்கறி ஏற்றினால் விடியமுன் மட்டக்களப்புக்கோ கல்முனைக்கோ கொண்டுவரலாம். கொழும்பில் லோட் கிடைக்காத நாளில் தம்புள்ளையில் அரைநாள் காத்திருந்தாலும் நட்டமில்லை. அத்தானின் அவசரத்துக்காக வெறும் லொறியோடு அந்தச் சந்தையைக் கடந்து வந்த இரவுகளை நினைத்துப் பாருங்கள்.

கேட்க வாய் வருவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் லேசாக எடுக்கவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. ஆண் பிள்ளைகள் உழைத்துச் சகோதரிக்கு வீடு கட்டி, அவளைக் குடியிருத்திய பிறகுதான் தங்கள் கலியாணத்தை நினைப்பார்கள். நீங்களும் அதைத்தான் செய்திருக்கிறீர்கள். நல்ல பிள்ளை. ஆனால் அந்தக் கடமை, அந்த வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்றே நிறைவேறிவிட்டது. அதற்குப் பிறகு அத்தானின் அரிசி வியாபாரத்துக்கு முதல் போடுவது கடமையில் சேராது. அந்த முதல்கூட உங்களுடையது இல்லை. அடகுக்கடையில் இருப்பது உங்கள் மனைவியின் நகை. இரவில் கண்ணைக் கசக்கிக்கொண்டு தைத்து அவ உழைக்கும் 20,000 இல் 8,000 அந்த வட்டிக்குப் போகிறது. அத்தான் வட்டியில்லாமல் வைத்திருக்கும் காசுக்கு உங்கள் மனைவி வட்டி கட்டுகிறா. எனக்கு இதில் மட்டும் கொஞ்சம் கோபம் வந்தது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

வங்கியில் கடன் பகுதியில் இருந்த காலத்தில் தவணை கட்டாததால் லீசிங்காரர் சீஸ் பண்ணிப் பறித்துக்கொண்டுபோன லொறிகள் எத்தனையோவின் கணக்கைப் பார்த்திருக்கிறேன். இயந்திரம் உடைந்து போனவை கொஞ்சம். வாடகைக் காசு வெளியில் நின்றதால் போனவைதான் அதிகம். வெளியில் வைத்திருந்தவர் அநேகமாகச் சொந்தக்காரராகவே இருப்பார்.

லீசிங்கை நீட்டும் கதைக்கு வருவோம். கையில் 6 லட்சமும் கிடைத்து, தவணையும் 25,000 குறைகிறது என்றால் யாருக்கும் ஆசை வரும். இப்போது இப்படிப் போன் எடுத்து விற்பது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. பேனையை எடுங்கள். இப்போதுள்ளபடி நீங்கள் கட்டவேண்டியது 22 தவணை, 21 லட்சத்து 45 ஆயிரம். நீட்டினால் 48 தவணை, 34 லட்சத்து 80 ஆயிரம். வித்தியாசம் 13 லட்சத்து 35 ஆயிரம். 6 லட்சத்தைக் கையில் வாங்கி 13 லட்சத்துக்கு மேல் திருப்பிக் கொடுக்கிறீர்கள். உங்களுடையது ஏற்கெனவே பழைய லொறி. இன்னும் இரண்டு வருஷத்துக்குள் அது உங்களுடையதாக வேண்டியது, நாலு வருஷத்துக்குத் தள்ளிப் போகும். அந்த 6 லட்சம் எங்கே போகும் என்றும் எனக்குத் தெரியும். நகையை மீட்பீர்கள், மூன்று மாதத்தில் அத்தானின் கடன் இன்னும் ஏறும், நகை மறுபடியும் கடைக்குப் போகும். கையெழுத்து வைக்க வேண்டாம். திரும்பவும் போன் வந்தால், வேண்டாம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டு வையுங்கள்.

நகையைத் தனியார் கடையில் இருந்து வங்கி அடகுக்கு மாற்ற முடியுமா என்று மட்டும் போய்க் கேளுங்கள். வங்கிகளில் வட்டி பெரும்பாலும் இதைவிடக் குறைவு. மாதம் 3,000 மிச்சம் வந்தாலும் வரட்டும்.

வாடகை பேசும்போது டீசலைச் சேர்த்துப் பேசப் பழகுங்கள். 2022 தொடக்கத்தில் 121 ரூபாய்க்கு இருந்த டீசல், அந்த வருஷம் ஜூன் கடைசியில் 460 ஆனது. உங்கள் ஓட்டத்துக்கு அது ஒரு பயணத்தில் 33,900 ரூபாய் வித்தியாசம். பழைய வாடகையைச் சொந்தத்துக்காகப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் அந்த வருஷம் என்ன பாடுபட்டார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. டீசல் 10 ரூபாய் ஏறினால் ஒரு கொழும்புப் பயணத்துக்கு 1,000 கூடும் என்று மில்காரர்களிடம் முன்னமே சொல்லி வையுங்கள்.

சொந்த லொறியில் சீவிக்கலாமா என்ற உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: சீவிக்கலாம். லீசிங் முடிகிற வரைக்கும் இறுக்கமாக, முடிந்த பிறகு மரியாதையாக. 22 மாதம் கழித்து அந்த 97,500 உங்கள் வீட்டுக்கு வரும். கார்த்திகை, மார்கழி மழையில் மன்னம்பிட்டிப் பக்கம் வெள்ளம் வீதிக்கு ஏறி ஓட்டம் நின்றுபோகும் மாதங்களைக் கழித்தாலும், இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கப் போதுமான வருமானம் அது. ஊழியர் சேமலாப நிதி என்று உங்களுக்கு ஒன்றும் இல்லாததால், அந்த நாள் வந்ததும் பிரதேச செயலகத்துக்குப் போய், சுயதொழில் செய்கிறவர்களுக்குச் சமூகப் பாதுகாப்புச் சபை நடத்தும் ஓய்வூதியத் திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். இப்போது அவசரமில்லை.

கட்டார் வேண்டாம். நீங்கள் போனால் லொறியைச் சம்பளத்துக்கு ஒருவர் ஓடுவார், ஓட்டத்தை அத்தான் பார்த்துக்கொள்வார். விற்றுவிட்டுப் போவதென்றாலும் லீசிங் மீதியைக் கட்டிய பிறகு கையில் நிற்பது கொஞ்சம். பாதிக்கு மேல் கட்டி முடித்த ஒரு லொறியை இந்த நேரத்தில் கைவிடுவதை என் மனம் ஒப்பவில்லை.

செய்யவேண்டியது இதுதான். அடுத்த லோட் ஏற்றுவதற்கு முன் அத்தானிடம் போங்கள். வாடகை 55,000. ஏற்றும்போது டீசலுக்கு 30,000, மிச்சம் புறக்கோட்டையில் மூட்டை இறங்குவதற்கு முன். அந்த விலைக்கு அவர் சம்மதித்தால் மற்ற மில்காரரைப் போலவே அவருக்கும் ஓடுங்கள், வரும்போது லோட் தேடிக்கொண்டுதான் வருவேன் என்பதையும் சொல்லுங்கள். சம்மதிக்காவிட்டால் கோபிக்காமல் எழும்பி வாருங்கள். பழைய 4 லட்சத்து 80 ஆயிரத்தை ஒரு சீ.ஆர். கொப்பியில், அதுதான் தடித்த மட்டைக் கணக்குக் கொப்பியில், திகதியோடு எழுதி இருவரும் கையெழுத்து வையுங்கள். வெட்டுக்கு வெட்டு அவர் காசாகவோ நெல்லாகவோ தரட்டும். வந்தால் அது நேரே நகைக்குப் போகவேண்டும். வரும் என்று நம்பி எந்தச் செலவையும் திட்டமிட வேண்டாம்.

இந்தப் பேச்சைக் கடைத்தெருவிலோ போனிலோ வைக்காதீர்கள். அக்காவின் வீட்டிலே, அக்காவையும் பக்கத்தில் இருத்திக்கொண்டு பேசுங்கள். உங்கள் மனைவியின் நகை எங்கே இருக்கிறது என்பது அக்காவுக்கு இன்றுவரை தெரியாமலே இருக்கலாம்.